சிம்மாசனம் ஏறாத மகாராணி

ரஷ்யாவில் கேத்தரின் 1762இல் கணவரை இறக்கிவிட்டுத் தாமே முடிசூடிக் கொண்டார். நம் மைசூரிலோ, மகாராணி வாணி விலாச சன்னிதானம் ஏழாண்டு ஆண்டும் சிம்மாசனத்தில் அமரவில்லை.

1894 டிசம்பரில் கணவர் சாமராஜ உடையார் கல்கத்தாவில் காலமானபோது மகன் கிருஷ்ணராஜருக்கு வயது பத்து. ஆட்சிப் பொறுப்பு ரீஜெண்டாகத் தாயாரிடம் வந்தது.

1897இல் மகளின் கல்யாணத்தின்போது மரத்தாலான பழைய அரண்மனை தீக்கிரையாயிற்று. புதியதைக் கட்ட மகாராணி அழைத்தது ஹென்றி இர்வினை. சென்னை எழும்பூர் மியூசியத்தின் விக்டோரியா மண்டபமும் அவர் கைவண்ணமே! 1912இல் வேலை முடிந்தது. செலவு 41 லட்சத்துச் சொச்சம்.

அரண்மனையை விடப் பெரிய காரியம் சிவசமுத்திரம் என்பேன். திவான் சேஷாத்திரி ஐயர் தொடங்கிய திட்டம். பலனைக் காணாமல் 1901இல் மறைந்தார். மறு ஆண்டு ஜூனில் காவிரி மின்சாரம் ஏறக்குறைய 150 கிலோமீட்டர் ஓடி, நம்மவர் ஆயிரக்கணக்கில் உழைத்த கோலார் தங்கச் சுரங்கத்தை எட்டியது. சுரங்கம் 2001இல் மூடப்பட்டது வேறு கதை.

1902 ஆகஸ்டில் மகனிடம் ஆட்சியை ஒப்படைத்தார் மகாராணி. கர்ஸன் பிரபுவே வந்திருந்தார். புது அரண்மனை முடியாததால் விழா ஜகன்மோகன் மாளிகையில் நடந்தது.