காருக்கும் ஒரு தீர்த்தம்

ராமேசுவரம் போய்த் திரும்புகிறவர்கள் என்னென்ன கொண்டு வருவார்கள்? பாட்டிலில் கோடி தீர்த்தம், குழந்தைகளுக்குச் சங்கும் சிப்பியும், அண்டை வீட்டாருக்குப் பிரசாதம். சொந்தக் காரில் போனவர்கள் தங்களை அறியாமலே இன்னொன்றையும் கொண்டு வந்து விடுகிறார்கள். நாலு நாள் கழித்துக் கார்க் கதவைத் திறந்தால் 'குப்'பென்று ஒரு மக்கல் நெடி. ஸீட்டின் அடியிலே சாம்பல் தூவினாற்போல் பூஞ்சணம்!

யாத்திரையின் முறை அப்படி. முதலில் அக்னி தீர்த்தத்தில் கடல் ஸ்நானம். பிறகு சொட்டச் சொட்ட ஈரத்துடனேயே கோயிலுக்குள் 22 தீர்த்தங்கள். உலர்ந்த உடை மாற்றிக் கொண்டு தரிசனம் செய்கிறோம். சரி, அவிழ்த்த ஈரப் புடைவைகள் எங்கே போகின்றன? மூட்டையாகக் காரின் டிக்கிக்குள்! அடுத்து தனுஷ்கோடி. 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த அந்த ஊரைத் தாண்டி, அரிச்சல்முனை வரை 2017-இல் நல்ல சாலை வந்துவிட்டது. அங்கே அலையில் விளையாடிய குழந்தைகள் மணலும் ஈரமுமாக அப்படியே ஸீட்டில் ஏறி உட்கார்ந்து கொள்கின்றன.

"தண்ணீர்தானே, காய்ந்து விடாதா?" என்பீர்கள். மழைத் தண்ணீர் வெயில் பட்டால் காயும். கடல் தண்ணீர் அவ்வளவு சுலபத்தில் காயாது. ஐப்பசி மழையில் உங்கள் சமையலறை உப்பு ஜாடியைப் பார்த்திருப்பீர்களே! காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவிகிதத்தைத் தாண்டினால், உப்பு அதை உறிஞ்சிக் கசியத் தொடங்கும். கடல் உப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடோ, அதைவிட வெகு குறைந்த ஈரத்திலேயே நீரை இழுத்துக் கொள்ளும். ஸீட்டின் பஞ்சிலும் தரை விரிப்பிலும் தங்கிய உப்பும் இதே வேலையைத்தான் செய்கிறது. பகலில் காய்ந்தது போலிருக்கும். ராத்திரி மறுபடி நசநசக்கும். பூஞ்சண வித்துக்களோ எங்கும் காற்றில் மிதப்பவை. ஒன்றிரண்டு நாள் ஈரம் நீடித்தாலே முளைவிட்டு விடும்.

இது அழகு கெடுகிற விஷயம் மட்டுமல்ல. மூடிய காருக்குள் அந்தக் காற்றைத்தான் குழந்தைகள் சுவாசிக்கின்றன. ஆஸ்துமாவோ ஒவ்வாமையோ உள்ளவர்களுக்குத் தும்மல், இருமல், இழுப்பு எல்லாம் வரலாம். விரிப்பின் அடியிலுள்ள தகடு துருப்பிடிக்கும். மின்சார இணைப்புகளையும் உப்பு அரித்துவிடும். வாசனைப் புட்டியைத் தொங்கவிட்டால் மூக்கைத்தான் ஏமாற்றலாம்!

ஆகவே, உலர்த்துவதற்கு முன்னால் உப்பை நீக்குங்கள். கால்மிதிகளை வெளியே எடுத்துக் கழுவுங்கள். கடல் நீர் பட்ட இடத்தை, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் பல தடவை ஒற்றி எடுங்கள். வாளியோடு ஊற்றிவிடாதீர்கள்; ஸீட்டின் அடியில் மின்கம்பிகள் உண்டு. பிறகு கதவுகளையெல்லாம் திறந்து வைத்து, வெயிலும் காற்றும் பட உலர விடுங்கள். விரிப்பு அடிவரை ஊறியிருந்தால், மெக்கானிக்கைக் கொண்டு கழற்றி உலர்த்துவதே நல்லது. பூஞ்சணத்தைத் துடைக்கும்போது முகக்கவசம் அணியுங்கள். பிளீச்சிங் பவுடரையும் வினிகரையும் மட்டும் ஒன்று சேர்க்கவே கூடாது. விஷ வாயு கிளம்பும்.

கடல் பக்கமே போகவில்லை, ஆனாலும் காரில் ஈரமா? அப்படியானால் எங்கோ ஒழுகுகிறது. முன் கண்ணாடியின் கீழுள்ள வடிகால் துளைகளைச் சருகு அடைத்திருக்கலாம். கதவு ரப்பர் வெடித்திருக்கலாம். ஏ.ஸி.யின் வடிகுழாய் அடைபட்டிருக்கலாம். ஒருவர் டார்ச் விளக்குடன் உள்ளே உட்கார்ந்து கொள்ள, மற்றொருவர் வெளியிலிருந்து, கீழே தொடங்கி மேலாகத் தண்ணீர் விட்டுப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். வீடு வந்து சேர ஐந்து நிமிஷம் இருக்கும்போதே ஏ.ஸி.யை நிறுத்தி, விசிறியை மட்டும் ஓட விடுவதும் நல்ல பழக்கம்.

அடுத்த முறை சேதுவுக்குக் கிளம்பும்போது மூடி போட்ட வாளி ஒன்று, பழைய துண்டுகள் நாலைந்து, ஒரு கேன் நல்ல தண்ணீர் இவற்றையும் எடுத்துக் கொள்ளுங்கள். ஈரத் துணி வாளிக்குள் போகட்டும். குழந்தைகளின் கால்களைக் கழுவித் துடைத்த பிறகே கார்க் கதவு திறக்கட்டும். 22 தீர்த்தம் உங்களுக்கு. 23-ஆவது தீர்த்தம் காருக்கு!