சார்ட் காலமும் ஸ்லைடு காலமும்

செமினார் நாளில் திருச்செந்தூர்ப் பேருந்தில் ஏறும் மாணவனை அன்று தூரத்திலேயே கண்டுகொள்ளலாம். ரப்பர் பேண்டு போட்டுச் சுருட்டிய சார்ட் கக்கத்தில் இருக்கும். கிருத்திகைக் கூட்டத்தில் அதை நசுங்காமல் கல்லூரி சேர்ப்பதே பாதிப் பரீட்சை.

ஒரு சார்ட்டில் என்ன கொள்ளும்? கடைசி பெஞ்சுக்கும் தெரிய ஸ்கெட்ச் பேனாவில் எழுதினால் எட்டு வரி. தப்பினால் இன்னொரு சார்ட்டுக்குக் காசு வேண்டும். எதை எழுத, எதை விட என்று முந்தின ராத்திரியே மண்டையை உடைத்துக்கொள்வோம். பிறகு வந்த ஓ.எச்.பி. தாளுக்கு விலை அதிகம். சிக்கனம் இன்னும் கூடியது. பேச்சுதான் படுமோசம். நோட்டைப் பார்த்து மூச்சுவிடாமல் ஒப்பிப்போம். பெண்பிள்ளைகள் வாயே திறக்க மாட்டார்கள். இன்று உடன்குடி, ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வரும் பிள்ளைகள் மைக்கை வாங்கி, கேள்விக்கு நின்று பதில் சொல்கிறார்கள். அது பெரிய விஷயம்.

ஆனால் ஸ்லைடுக்குக் காசு செலவில்லை. அதனால் முப்பது, நாற்பது வந்துவிடுகின்றன. மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பு என்று தலைப்புக் கொடுங்கள். சிப்பி கிடக்கும் பாரின் பெயர், ஆழம், சிப்பிக் கணக்கு என்று எறும்பு ஊர்வதுபோல ஓர் அட்டவணை வரும். அதைத் திரையைப் பார்த்து வாசிப்பதும் நடக்கும். 1955 முதல் 1961 வரை தொடர்ந்து நடந்த குளிப்பு அதோடு நின்றது என்பதல்லவா சேதி? அதைச் சொல்லச் சாக்பீஸ் போதும்: ஒரு கோடு, அதன்மேல் நெருக்கமாகச் சில புள்ளிகள், பிறகு வெறும் கோடு. கடைசி பெஞ்சுக்காரன் ‘ஏன் நின்னுச்சு?’ என்று கேட்டுவிடுவான்.

2022இல் வந்த நான் முதல்வன் திட்டம் வரைக்கும் தகவல் தொடர்புத் திறனுக்குப் பயிற்சி கொடுத்துப் பார்க்கிறோம். வேடிக்கை என்னவென்றால், இதற்கான வாத்தியார் இங்கேயே பிறந்தவர். பக்கத்துக் காயாமொழிக்காரர் சி.பா. ஆதித்தனார், 1942இல் மதுரையில் தினத்தந்தியைத் தொடங்கியவர். அதிகம் படிக்காதவருக்கும் செய்தி புரிய வேண்டும் என்பது அவர் கணக்கு. தம் ஆட்களுக்காக ‘இதழாளர் கையேடு’ எழுதினார். 1965இல் தொடங்கிய ஆதித்தனார் கல்லூரி அவர் பெயரைத்தான் சுமக்கிறது. எத்தனை செமினார் வகுப்பில் அந்தக் கையேடு கைமாறுகிறது?

ஆசிரியர்களே, முதல் செமினாருக்கு மட்டும் புரொஜெக்டரைப் பூட்டி வையுங்கள். ஆளுக்கொரு சார்ட் கொடுங்கள். இரண்டாவது கேட்டால் கொடுக்காதீர்கள்.