பிள்ளையைக் கப்பலில் அனுப்பிய தாய்மார்

ஒலுவிலில் எங்கள் மாதர் சங்கக் கூட்டம் முடிந்து பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோதுதான் அந்தச் சாச்சி தன் கதையைச் சொன்னார். கணவர் காணாமற்போன பிறகு, 1990களில் சவூதிக்கு வீட்டுப் பணிப்பெண்ணாகப் போனவர் அவர். போகும்போது மகனுக்கு மூன்று வயது. திரும்பி வரும்போது ஏழு வயது.

"வாசலுக்குள்ள வந்து நிண்டன் மகள். புள்ள உம்மம்மாட சாரிக்குப் பின்னால ஒளிச்சிட்டான். கொண்டுவந்த சொக்லேட்ட வாங்கினான். ஆனா என்ன உம்மா எண்டு கூப்பிடல்ல."

இப்படியான கதை எங்கள் கரையோர ஊர்களில் வீட்டுக்கு வீடு உண்டு. அன்று அதைக் கேட்டபோது, நான் வாசித்திருந்த இன்னொரு தாயின் கதை நினைவுக்கு வந்தது. அவர் நம் நாட்டவரல்லர்; நம் மதத்தவருமல்லர். இற்றைக்கு இருநூறு வருடங்களுக்கு முன்னர் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வந்த ஒரு மிசனரியின் மனைவி. பெயர் ஹரியட் வின்ஸ்லோ. தமிழ்ப் பெண்பிள்ளைகள் விடுதியில் தங்கிப் படிக்கும் பாடசாலை ஒன்றை 1824இல் உடுவிலில் தொடங்கியவர் அவரே.

மிசனரிமார் என்றவுடன் நமக்கு நினைவுக்கு வருவது ஆண்களின் பெயர்கள்தான். நமது கிழக்கிலும் அப்படித்தான். 1814இல் மட்டக்களப்புக்கு வந்த மெதடிஸ்த மிசனரி வில்லியம் ஓல்ட் என்பவரை மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரியின் தாபகர் என்று எல்லோரும் அறிவர். அவரோடு கப்பலேறிய மனைவி இலங்கைக் கரையைக் காணாமலே நடுக்கடலில் இறந்துபோனதை அறிந்தவர் சிலரே. ஓல்டும் அடுத்த வருடமே, 1815 ஏப்ரலில், மட்டக்களப்பில் காலமானார். ஒரு குடும்பமாகப் புறப்பட்டு, ஒரு வருடத்துக்கும் சற்றுக் கூடுதலான காலத்தில் ஒருவருமே மிஞ்சவில்லை.

யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிசனரிமார் 1816இல் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் வேலையைத் தொடங்கினர். பழைய காலத்து இடிந்த கோயில்களையும் குருமனைகளையும் திருத்திக் குடியேறினர். 1819 யூன் மாதம் பொஸ்டன் துறைமுகத்திலிருந்து 'இண்டஸ்' என்ற பாய்க்கப்பலில் மேலும் நான்கு தம்பதியர் புறப்பட்டனர்: வின்ஸ்லோ, ஸ்போல்டிங், வூட்வர்ட், ஸ்கடர் குடும்பத்தினர். இருபத்து மூன்று வயதான ஹரியட்டுக்கு அப்போது கல்யாணம் முடிந்து சில மாதங்கள்தான். டொக்டர் ஜோன் ஸ்கடரும் அவர் மனைவியும் ஒரு கைக்குழந்தையோடு ஏறினர். கப்பல் கல்கத்தாவை அடைந்தபோது அந்தக் குழந்தை இறந்தது. அதை அங்கே அடக்கம் செய்துவிட்டுத்தான் அவர்கள் இலங்கைக்கு வந்தார்கள்.

வின்ஸ்லோ குடும்பம் 1820இல் உடுவிலில் குடியேறியது. கணவர் மிரன் வின்ஸ்லோ ஊரூராகப் போய்ப் பிரசங்கம் செய்வார். வீடு, நோயாளிகள், வந்துபோகும் பிள்ளைகள், தையல் வகுப்பு எல்லாம் ஹரியட்டின் தலையில். அதற்கிடையே தமிழும் படிக்கவேண்டும். அமெரிக்காவிலிருந்து ஒரு கடிதம் வந்துசேர மாதக்கணக்கு ஆகும். போதாக்குறைக்கு அன்றைய பிரித்தானிய ஆட்சியாளர்கள் புதிதாக அமெரிக்க மிசனரிமார் வருவதற்கு இடம் கொடுக்கவில்லை. அந்தத் தடை 1833 வரையில் நீடித்தது. ஒருவர் நோயில் விழுந்தால், இறந்தால், அவருடைய வேலையும் மிஞ்சியிருப்பவர் தோளில்தான்.

அந்நாளில் யாழ்ப்பாணத்தில் பெண்பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பது குடும்பத்துக்கு இழுக்கு என்று கருதப்பட்டது. எழுத வாசிக்கத் தெரிந்தவர்கள் கோயிலில் ஆடும் பெண்கள் மட்டுமே என்று மிசனரிமார் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த நிலையில் முதற் பிள்ளைகள் எப்படி விடுதிக்கு வந்தார்கள்? மிசனரி நூல்களில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. பாடம் கேட்க வந்த இரண்டு சிறுமிகள் ஒருநாள் பெருமழையில் அகப்பட்டு மிசனரி வீட்டிலேயே நிற்கவேண்டி வந்தது. இரவாகிவிட்டது, பசி. சோறும் வாழைப்பழமும் கொடுத்தார்கள். மூத்தவள் தொடவில்லை. சின்னவள் சாப்பிட்டுவிட்டாள். மழை விட்டதும் தேடிவந்த தாய் அதை அறிந்து தலையிலடித்து அழுதாள். சாதி கெட்டுவிட்டது, இனி இவளை யார் கல்யாணம் முடிப்பார்? "அப்படியானால் இவளை எங்களிடம் விடுங்கள், நாங்கள் வளர்த்துப் படிப்பிக்கிறோம்" என்றார்கள் மிசனரிமார். மாப்பிள்ளையும் சீதனமும் நீங்களே தேடிக் கொடுக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு தகப்பன் விட்டுப்போனான்.

இந்தக் கதையை மிசனரி நூல்கள் ஒரு வெற்றியாகச் சொல்கின்றன. எனக்கோ வாசிக்கும்போதெல்லாம் அந்தச் சின்னவளின் முகம்தான் கண்ணில் வருகிறது. பசித்தது, சாப்பிட்டாள். விடியும்போது அவளுக்கு வீடு இல்லை. அவளுக்குப் படிப்புக் கிடைத்தது உண்மை. ஆனால் அவளிடம் யாரும் கேட்டு அது நடக்கவில்லை.

உடுவில் விடுதிப் பாடசாலை பின்னர் வளர்ந்தது. படிப்பை முடித்துக் கல்யாணம் செய்யும் பெண்ணுக்கு மிசனே சீதனம் கொடுத்தது. 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரியில் படித்த வாலிபருக்குப் படித்த மனைவியர் வேண்டும் என்பதும் நோக்கங்களில் ஒன்று. அமெரிக்காவில் பணம் கொடுத்து உதவியவர்களின் பெயரைப் பிள்ளைகளுக்கு வைக்கும் வழக்கமும் இருந்தது. தாய் தகப்பன் வைத்த பெயர் போய், காணாத ஒரு தேசத்துச் சீமாட்டியின் பெயர் வந்து ஒட்டிக்கொள்ளும். உதவி பெறுகிறவரின் பெயர்ப்பட்டியலில் நின்று பழகிய நமக்கு இந்த இடம் கொஞ்சம் சுடும்.

இனி ஹரியட்டின் சொந்தப் பிள்ளைகளைப் பார்ப்போம். பிறந்தவர்களில் சிலர் யாழ்ப்பாணத்திலேயே இறந்தனர். மூத்த மகன் சார்ள்ஸ் 1821இல் பிறந்தவன். அந்நாளைய மிசனரிக் குடும்பங்களில் பிள்ளைகள் வளர்ந்ததும் அமெரிக்காவுக்கு அனுப்பிவிடுவது வழக்கமாயிருந்தது. உஷ்ண தேசம் உடம்புக்கு ஆகாது, ஏற்ற படிப்பில்லை, சுற்றியுள்ள 'அஞ்ஞானிகளின்' பழக்கவழக்கம் தொற்றிவிடும் என்பன அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள். அவ்வாறே சார்ள்ஸையும் கப்பலேற்றினார்கள். போய்ச்சேர்ந்த சிறிது காலத்துக்குள், 1832இல், அவன் அமெரிக்காவில் இறந்துபோனான். வயது பதினொன்று.

ஊரார் பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிரித்து விடுதியில் வைத்து வளர்த்த அதே கைகள்தான், தம் பிள்ளையை இந்த ஊரில் வளர்க்க முடியாது என்று கப்பலிலும் ஏற்றின. இதை மாயம் என்று ஏசிவிட்டுப் போகலாம். ஆனால் ஏசுவதற்கு எனக்கு வாய் வரவில்லை. நல்லதென்று நினைத்துத்தானே எல்லாத் தாயும் பிள்ளையை விட்டுப்பிரிகிறாள்? சவூதிக்குப் போன நமது சாச்சியும் அப்படித்தானே?

மகன் இறந்த அடுத்த வருடம், 1833 சனவரியில், ஹரியட்டும் உடுவிலில் காலமானார். முப்பத்தாறு வயது. அவரைப் பின்பற்றி அவருடைய சகோதரிகள் மூவரும் மிசனரிமாரை மணந்து இந்தப் பணிக்கு வந்தனர். அவர்களில் ஒருவரும் அவர் கணவரும் யாழ்ப்பாணத்தில் பரவிய கொலராவில் ஒருவர் பின் ஒருவராக இறந்தனர்.

மிரன் வின்ஸ்லோ மனைவியின் வாழ்க்கை வரலாற்றை எழுதி 1835இல் நூலாக்கினார். பின்னர் சென்னைக்குப் போனார். அங்கே 1862இல் வெளியான அவருடைய பெரிய தமிழ் ஆங்கில அகராதியில் அறுபத்தேழாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்கள் உள்ளன. ஜோசப் நைற் என்ற மிசனரி சேர்த்துவைத்த சொற்களும் பல தமிழ்ப் பண்டிதர்களின் உழைப்பும் அதில் உண்டு. ஆயினும் இன்றுவரை அது வின்ஸ்லோ அகராதிதான். (உடுவிலில் பிறந்த மகளொருத்தி பின்னர் ஒரு மிசனரியை மணந்தாள், அவளுடைய பேரனே 1950களில் அமெரிக்காவின் இராஜாங்கச் செயலாளராக இருந்த ஜோன் பொஸ்டர் டலஸ்.)

பாடசாலையை ஸ்போல்டிங் தம்பதியர் பொறுப்பேற்றார்கள். 1840இல் எலிசா அக்னியூ என்ற கல்யாணமாகாத பெண் வந்துசேர்ந்தார். சின்ன வயதில் பூகோள வகுப்பில் இலங்கையைப் படத்தில் பார்த்து, அங்கே போவேன் என்று மனதில் வைத்துக்கொண்டவராம். பெற்றோர் இருக்கும்வரை அவர்களைப் பராமரித்து, அவர்கள் காலமான பிறகே கப்பலேறினார். 1879 வரை உடுவிலில் இருந்தார். ஒரு தரமாவது ஊருக்குத் திரும்பிப் போகவில்லை. தாய், மகள், பேத்தி என மூன்று தலைமுறைக்குப் படிப்பித்தவர். 'ஆயிரம் புத்திரிகளின் தாய்' என்று அவரைச் சொல்வார்கள். 1883இல் மானிப்பாயில் காலமானார். தான் பெறாத பிள்ளைகளோடு கடைசிவரை இருந்தவர் அவர் ஒருவர்தான் என்று எண்ணத் தோன்றுகிறது.

அதே கப்பலில் வந்த ஸ்கடர் குடும்பத்தையும் சொல்லாமல் விடமுடியாது. டொக்டர் ஸ்கடர் பண்டத்தரிப்பில் வைத்தியம் செய்தார். பின்னர் சென்னைக்குப் போனார். அவருடைய ஆண்மக்கள் எழுவர் மிசனரிகளானார்கள். பேத்தி ஐடா 1870இல் தமிழ்நாட்டில் இராணிப்பேட்டையில் பிறந்தவர். அவரையும் சிறுமியாக அமெரிக்காவில் உறவினரிடம் விட்டுவிட்டுத் தாய் இந்தியாவுக்குத் திரும்பினார். அதை மறக்காத ஐடா, மிசனரி வாழ்க்கையே வேண்டாம் என்று உறுதியாக இருந்தவர். சுகமில்லாத தாயைப் பார்க்கத் திண்டிவனத்துக்கு வந்திருந்தபோது ஓர் இரவு மூன்று ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினார்கள். மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், ஒருவர் வேறொரு சாதி இந்து. டொக்டரான தகப்பன் வரலாம் என்றார் ஐடா. அந்நிய ஆண் எங்கள் பெண்ணைத் தொடக்கூடாது என்று மூவருமே மறுத்துவிட்டார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் மௌத்தாகியிருந்தார்கள்.

ஐடா அமெரிக்காவுக்குப் போய் டொக்டராகித் திரும்பினார். வேலூரில் 1902இல் பெண்களுக்கான ஆஸ்பத்திரி. 1918இல் பெண்களை டொக்டராக்கும் வைத்தியக் கல்லூரி. இன்று இலங்கையிலிருந்து நோயாளிகளைக் கொண்டுபோகும் அந்த வேலூர் ஆஸ்பத்திரியின் ஆரம்பம் இதுதான். பிள்ளைப்பேறு பார்க்க ஒரு பெண் டொக்டர் வேண்டும் என்று நாம் ஆஸ்பத்திரிகளில் கேட்கிறோமே, அது இன்று நேற்று வந்த கேள்வியல்ல.

இதையெல்லாம் அடுத்த கூட்டத்தில் சொன்னபோது ஒரு தங்கச்சி குறுக்கே கேட்டாள்: "மதம் மாத்தத்தானே வந்தாங்க ராத்தா?" ஆம், அதற்காகத்தான் வந்தார்கள். அதை அவர்கள் மறைக்கவுமில்லை. அந்தக் கேள்வி அக்காலத்திலேயே எழுந்தது. ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பாடசாலையைத் தொடங்கியது அதனால்தான். சைவப் பெண்பிள்ளைகளுக்கென இராமநாதன் கல்லூரி 1913இல் வந்தது. நம்மவர்களில் 'முஸ்லிம் நேசன்' நடத்திய சித்திலெப்பை, கண்டியில் முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலை தொடங்கினார். வந்தவர்களைப் பார்த்துப் பயந்தார்கள். அந்தப் பயத்தில் தங்கள் பிள்ளைகளுக்குத் தாங்களே பள்ளிக்கூடம் கட்டினார்கள். இன்று காலையில் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு முன்னால் பஸ்ஸிலிருந்து இறங்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது, இதற்குப் பின்னால் எத்தனை பேரின் கோபமும் பயமும் பிடிவாதமும் இருக்கின்றன என்று நினைத்துக்கொள்வேன்.

உடுவிலும் யுத்தத்தைக் கண்டது. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். ஐந்து வருடம் கழித்து, 1995 ஒக்டோபர் முடிவில், உடுவில் உட்பட வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் மழைக்குள் வீதியில் இறங்கினார்கள். வெளியேறிய நாட்களில் பிள்ளையைக் கூட்டத்தில் தவறவிட்ட தாய்மார் இரு பக்கத்திலும் உண்டு.

நான் சொல்லி முடிக்கும்வரை சாச்சி பேசவில்லை. வெற்றிலையை மடித்து வாயில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"அந்தப் புள்ளட கபுறு எங்க இரிக்கி மகள்?"

"அமெரிக்காவில சாச்சி."

"உம்மாட கபுறு?"

"உடுவில்ல."

"அப்ப ரெண்டு பேரும் கடைசி வரைக்கும் பாக்கல்ல" என்றார். எழுந்துபோய் மூலையில் கிடந்த மிச்சப் பாயைச் சுருட்டத் தொடங்கினார்.