அம்மாவின் கொண்டையும் காரின் ஹெட்ரெஸ்ட்டும்



இந்தக் கிழமை எபிசோட்டில் தானாகவே பிரேக் பிடிக்கிற கார், லேன் மாறினால் பீப் அடிக்கிற கார் என்று ஒரு மணித்தியாலம் கதைத்துத் தள்ளினோம். அதைக் கேட்டுவிட்டு என் அக்கா ஒரே ஒரு வொய்ஸ் நோட் போட்டா: "இவ்வளவு சென்சரும் இருக்கு. பிறகு ஏன்டா அம்மாவின்ர கழுத்து இன்னும் நோகுது?"

அதற்கு எபிசோட்டில் பதில் இல்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

அம்மாவின் உயரம் 150 செ.மீ. எங்கட வீட்டில் அவ கார் ஓட்டுறது ஒரு நிரந்தரப் பகிடி. சீட்டை முழுசாக முன்னுக்கு இழுத்து, ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடிச்ச மாதிரி இருப்பா. "என்ன, ஸ்டியரிங்கோட ரகசியம் பேசுறியோ?" என்று அப்பா கேட்பார். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அதற்கு ஒரு ஸ்டிக்கர் கூட இருக்கு. செய்தது நான்தான்.

போன குளிர்காலத்தில், ஸ்கார்பரோவில் மார்க்கம் ரோட்டுச் சிவப்பு லைட்டில் நிற்கும்போது பின்னால் வந்த கார் அம்மாவின் காரை இடிச்சது. பெரிய இடி இல்லை. பம்பர் நெளிஞ்சது, ஏர்பேக் கூட விரியவில்லை. பக்கத்து சீட்டில் அப்பா. அவருக்கு இரண்டு நாள் தோள் பிடிப்பு, அவ்வளவுதான். அம்மாவுக்கு எட்டு மாதமாகக் கழுத்து நோ. இடியப்பம் பிழிய முடியாது. தலையைத் திருப்பிப் பார்த்து ரிவர்ஸ் எடுக்க முடியாது. ஒரே கார், ஒரே இடி.

பிசியோவுக்குக் கூட்டிக்கொண்டு போனபோது, "ஸ்டியரிங்குக்குக் கிட்ட இருந்து ஓட்டுறதை முதல்ல நிப்பாட்டுங்கோ" என்று சொன்னார்கள். நானும் "எத்தனை தரம் சொன்னன், பாருங்கோ" என்ற முகத்தோடு தலையாட்டினேன். பிறகு காரைப் பார்த்தால் இன்னொன்று. டிரைவர் சீட்டின் ஹெட்ரெஸ்ட்டைக் கழற்றி, முன்பக்கம் பின்னாலே இருக்கிற மாதிரித் திருப்பிப் போட்டிருக்கிறா! நான் கத்தினேன். அம்மா அமைதியாகச் சொன்னா:

"அது என்ர கொண்டையைத் தள்ளுது தம்பி. கொண்டை முட்டினா தலை குனிஞ்சு போகுது. நான் ரோட்டைப் பாக்கிறதோ, மடியைப் பாக்கிறதோ?"

சாட்டு என்றுதான் அப்போது நினைத்தேன். பிறகு இந்த எபிசோட்டுக்கு வாசிக்கத் தொடங்கினேன்.

காரை இடித்துப் பார்க்கிற பரிசோதனைகளில் வரும் பொம்மை, அதாவது கிராஷ் டெஸ்ட் டம்மி, எல்லாருக்கும் தெரியும். மஞ்சள் முகம், கன்னத்தில் கறுப்பு வட்டம். அதில் உலகம் முழுக்க அதிகம் பாவிக்கப்படுவது ஹைபிரிட் 3. ஜெனரல் மோட்டர்ஸ் 1976 இல் கொண்டுவந்தது. "சராசரி ஆண்" அளவு: உயரம் கிட்டத்தட்ட 175 செ.மீ., பாரம் 78 கிலோ. என் உயரம் 175. பாரம், சரி, 80 என்று வையுங்கோ. அதாவது அந்த டம்மி நான்தான். நான் எந்தக் காரில் ஏறினாலும் எல்லாம் கைக்கு எட்டுது, ஹெட்ரெஸ்ட் சரியாகத் தலைக்குப் பின்னால் நிற்குது. அதை இவ்வளவு நாளும் என் நல்ல டிரைவிங் பழக்கம் என்று நினைச்சுக்கொண்டிருந்தேன்!

பெண் டம்மி இல்லையா? இருக்கு. அதைக் கண்டதும் முதலில் சந்தோஷப்பட்டேன், ஏனென்றால் அதன் உயரம் அச்சாக அம்மாவின் உயரம்: 150 செ.மீ. பாரம் 49 கிலோ. ஆனால் அது ஆண் டம்மியைச் சின்னதாக்கிச் செய்தது. இடுப்பின் அமைப்பு, கழுத்தின் பலம், உடம்பில் பாரம் எங்கே கூடி எங்கே குறையுது என்பதெல்லாம் ஒரு பெண்ணிடம் இருந்து தொடங்கி எடுத்தது இல்லை. சின்ன அப்பா, அவ்வளவுதான்.

அதைவிட எனக்குச் சுட்டது இன்னொன்று. அமெரிக்க அரசு கார்களுக்கு ஐந்து நட்சத்திர மதிப்பீடு கொடுக்குதே, அதில் நேருக்கு நேர் மோதுகிற பரிசோதனைக்கு இந்தச் சின்னப் பெண் டம்மியை 2011 மொடல் கார்களில் இருந்துதான் சேர்த்தார்கள். எங்கே இருத்தினார்கள்? பக்கத்து சீட்டில். டிரைவர் சீட்டில் 175 செ.மீ. ஆண். கம்பத்தில் பக்கவாட்டாக மோதும் பரிசோதனையில் சின்ன டம்மி டிரைவராக இருப்பது உண்மை. ஐரோப்பாவிலும் 2015 இலிருந்து ஒரு நேர் மோதல் பரிசோதனையில் அது டிரைவர். ஆனாலும் அந்த முக்கியமான படத்தில் ஆள் ஓட்ட, அம்மா பக்கத்தில். எங்கட பழைய கல்யாண அல்பம் மாதிரி.

சரி, அம்மாவுக்கு நடந்தது பின்னால் இருந்து இடி. அதற்கு வேறு டம்மி, பெயர் பயோரிட். 1990-களின் கடைசியில் சுவீடனில் உருவானது. முதுகெலும்பு துண்டு துண்டாக வளையும், அருமையான பொறியியல். அதுவும் சராசரி ஆண்தான். பின்னால் இடிபட்டு வருகிற கழுத்துக் காயம் பெண்களுக்குத்தான் கூட என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்லுது, சிலவற்றில் மூன்று மடங்கு வரைக்கும். கூடக் காயப்படுகிற ஆட்களின் அளவில் டம்மி இல்லை.

ஏன் கூட? கழுத்து மெலிவு, தசை குறைவு, ஆனால் தூக்கவேண்டிய தலை கிட்டத்தட்ட அதே பாரம். அது ஒரு பகுதி. மற்றது சீட்.

சின்ன வயசில் பெரியப்பா வீட்டு மெத்தையில் குதிச்சது ஞாபகம் இருக்கா? பெரியப்பா பொத்தென்று இருந்தால் மெத்தை அப்படியே அமுங்கும். நாங்கள் குதிச்சால் திருப்பி எறியும். காரின் சீட் முதுகும் ஏறக்குறைய இதே வேலைதான் செய்யுது. பின்னால் இடி விழும்போது சீட் முன்னுக்குத் தள்ளப்படும், ஆளின் உடம்பு அதுக்குள்ளே அமுங்கும், சீட் கொஞ்சம் பின்னுக்கு வளைந்து அந்த வேகத்தை வாங்கிக்கொள்ளும். எவ்வளவு பாரத்துக்கு எவ்வளவு வளையவேண்டும் என்று யார் முடிவு செய்தது? 78 கிலோ டம்மியை இருத்திப் பார்த்தவர்கள். பாரம் குறைந்த ஆள் இருந்தால் சீட் போதுமான அளவு வளையாது, சீக்கிரமாக முன்னுக்கு எறிந்துவிடும். கழுத்துக் காயத்தைக் குறைக்க 1990-களின் கடைசியில் புதுசு புதுசாகச் சீட்கள் வந்தபோதும், சில வகைகள் ஆண்களைக் காப்பாற்றின அளவுக்குப் பெண்களைக் காப்பாற்றவில்லை. இரண்டு பேருக்கும் உதவினதும் இருக்கு. 1998 இல் வொல்வோ கொண்டுவந்த சீட், ஆளோடு சேர்ந்து முழு முதுகும் பின்னுக்குப் போகிற மாதிரி. ஆக, செய்ய ஏலாத காரியம் இல்லை.

இப்போது கொண்டைக்கு வாங்கோ. தலைக்கும் ஹெட்ரெஸ்ட்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. அதனால் புதுக் கார்களில் ஹெட்ரெஸ்ட் நல்லா முன்னுக்கு வளைந்து வருது. டம்மிக்கு மொட்டைத் தலை. கொண்டை இல்லை, குதிரைவால் இல்லை, ஹிஜாப் பின் இல்லை. கொண்டை போட்ட தலைக்கு அந்த வளைவு நாடியை நெஞ்சில் முட்ட வைக்கும். அம்மா அதைத் திருப்பிப் போட்டா. திருப்பிப் போட்டதால் இடைவெளி கூடினது. இடி விழுந்தபோது தலை எவ்வளவு தூரம் தனியாகப் பின்னுக்குப் போயிருக்கும் என்று யோசிச்சு, ஒரு நாள் இரவு எனக்கு நித்திரை வரவில்லை. அவ செய்தது ஆபத்தான வேலைதான், அதில் சந்தேகம் இல்லை. நீங்களும் செய்யாதேங்கோ. ஆனால் அவ சொன்ன காரணம் சாட்டு இல்லை.

இதில் மனசுக்கு ஆறுதலான ஆள் ஒருவர் இருக்கிறார்: ஆஸ்ட்ரிட் லிண்டர், சுவீடனில் போக்குவரத்துப் பாதுகாப்பு ஆராய்ச்சியாளர். அவருடைய குழு முதலில் கம்ப்யூட்டருக்குள் ஒரு சராசரிப் பெண் டம்மியை உருவாக்கினது. பிறகு 2022 இல் நிஜ டம்மியையே காட்டினார்கள். உயரம் 162 செ.மீ., பாரம் 62 கிலோ, பின்னால் இடிக்கிற பரிசோதனைக்கென்றே செய்தது. 1976 ஐயும் 2022 ஐயும் கழித்துப் பாருங்கோ. 46 வருஷம். அந்த இடைவெளியில் மனுஷர் பாக்கெட்டுக்குள் வைக்கிற கம்ப்யூட்டர் செய்துவிட்டார்கள்.

எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த விஷயத்தை இன்ஸ்டாகிராமில் பார்த்தால் "73 சதவீதம்" என்ற எண்தான் ஓடும். அது வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் 2019 ஆய்வு: பெல்ட் போட்டவர்கள் நேருக்கு நேர் மோதினால், பெண்களுக்குக் கடுமையான காயம் வருகிற சாத்தியம் அவ்வளவு கூட. ஆனால் 2021 இல் அமெரிக்கக் காப்புறுதி நிறுவனங்களின் ஆய்வு மையம் இன்னொன்று சொன்னது. பெண்கள் சின்ன, பாரம் குறைந்த கார்களைக் கூட ஓட்டுகிறார்கள், இடிக்கிற கார் அல்ல இடிபடுகிற காராகவும் கூட இருக்கிறார்கள். அதைக் கணக்கில் எடுத்தால் வித்தியாசத்தில் பெரும் பகுதி குறையுது, கால் காயம் போன்றவை மட்டும் மிஞ்சி நிற்குது. அமெரிக்க அரசின் 2022 அறிக்கையும் புதுக் கார்களில் உயிரிழப்பு வித்தியாசம் நல்லாகக் குறைந்திருக்கு என்றது. ஆக, "கார் பெண்களைக் கொல்லுது" என்று கத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. குறைந்திருக்கு. ஆட்கள் கவனித்த இடங்களில் குறைந்திருக்கு. பின் இடியைக் கவனிக்கத் தொடங்கினது இப்போதுதான்.

கவனிக்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு 1990-களின் ஏர்பேக் கதை போதும். அமெரிக்காவில் அப்போது ஒரு விதி: பெல்ட் போடாத ஆண் டம்மியை, மணிக்கு 30 மைல் வேக மோதலில் ஏர்பேக் காப்பாற்றவேண்டும். அதற்கேற்ப ஏர்பேக் பயங்கர பலத்தோடு வெடித்து விரிந்தது. ஸ்டியரிங்குக்குக் கிட்ட இருந்த கட்டையான பெண்களும், முன் சீட்டில் இருந்த குழந்தைகளும் சின்ன மோதல்களில் ஏர்பேக்காலேயே செத்தார்கள். பிறகு 1998 மொடல் கார்களில் இருந்து பலத்தைக் குறைத்தார்கள். 1990 இலிருந்து 2008 வரைக்கும் 290 பேருக்கு மேல் என்பது அரசின் கணக்கு, அதில் மிகப் பெரும்பாலானவை 1998 க்கு முந்தின கார்களில். பலர் பெல்ட் சரியாகப் போடாதவர்கள். எல்லாரும் இல்லை.

கிட்ட இருக்காதேங்கோ என்று அம்மாவுக்குச் சொல்கிறோமே, அவ ஏன் கிட்ட இருக்கிறா? பெடல் எட்டவேண்டும். டாஷ்போர்டுக்கு மேலால் ரோடு தெரியவேண்டும். சீட்டைப் பின்னுக்குத் தள்ளினால் கால் எட்டாது. அவவுக்கு வேறு வழி வைக்கவில்லை.

ஆகவே புதுக் கார் பார்க்கப் போனபோது நானும் அக்காவும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனோம். அக்கா தன் பையில் அம்மாவின் தையல் டேப்பை வைத்திருந்தா. விற்கிறவர் திரையைப் பற்றி என்னிடம் விளக்கிக்கொண்டே இருந்தார். ஓட்டப் போறது அவ என்று மூன்று தரம் சொன்னேன். அக்கா அவரைக் கணக்கே எடுக்காமல் அம்மாவை இருத்தி, பிரேக்கை முழுசாக அழுத்தச் சொல்லி, ஸ்டியரிங்கின் நடுவில் இருந்து நெஞ்செலும்பு வரைக்கும் அளந்தா. 25 செ.மீ. இருக்கவேண்டும். முதல் காரில் 19. இரண்டாவதில் 21. சீட்டின் உயரத்தைக் கூட்டி, முதுகைக் கொஞ்சம் சாய்த்து, ஸ்டியரிங்கை மேலே கீழே மட்டுமில்லாமல் டாஷ்போர்டு பக்கமாக உள்ளேயும் தள்ளக்கூடிய கார் ஒன்றில் 26 வந்தது. பெல்ட் கழுத்தை வெட்டாமல் தோளின் நடுவால் போகுதா என்று பார்த்தா, தூணில் பெல்ட்டை மேலே கீழே மாற்றலாமா என்று பார்த்தா. விற்கிறவர் "அம்மாவுக்கு ஒரு குஷன் போட்டால் சரிதானே" என்றார். மெத்தென்ற குஷன் போட்டால் மோதும்போது இடுப்பு பெல்ட்டுக்குக் கீழால் வழுகலாம் என்று அக்கா சொல்ல, அவர் பிறகு குஷன் கதை எடுக்கவில்லை.

"உனக்கு இதெல்லாம் எப்பிடித் தெரியும்?" என்று கேட்டேன். "நான் பதினாறு வயசில இருந்து கார் ஓட்டுறன். உனக்கு இப்பத்தான் தெரியுது" என்றா.

நீங்களும் இந்தக் கிழமை ஒரு டேப் எடுத்து அம்மா, அம்மம்மா, சித்தி யாரையாவது அவர்கள் ஓட்டுகிற காரிலேயே அளந்து பாருங்கோ. எத்தனை செ.மீ. என்று இந்த நியூஸ்லெட்டருக்கே ரிப்ளை பண்ணுங்கோ, அடுத்த எபிசோட்டில் வாசிக்கிறோம். ஹெட்ரெஸ்ட்டின் மேல் விளிம்பு காதுக்கு மேலே வருதா என்றும் பாருங்கோ. கூட ஒரு நிமிஷம்தான்.

அந்த ஸ்டிக்கரை நான் அழித்துவிட்டேன். அப்பா தன் ஃபோனில் சேவ் பண்ணி வைத்திருக்கிறார் என்பது பிறகுதான் தெரிஞ்சது.

புதுக் காரில் ஹெட்ரெஸ்ட் நேராகத்தான் இருக்கு. அதுவும் முன்னுக்கு வளைந்ததுதான், வேறு மாதிரி கிடைக்கவில்லை. போன சனிக்கிழமை அம்மா கோயிலுக்கு ஓட்டிக்கொண்டு போகும்போது பக்கத்து சீட்டில் இருந்து பார்த்தேன். கொண்டையைத் தலையின் பின்பக்கம் இல்லாமல் உச்சியில் தூக்கிக் கட்டியிருக்கிறா.