ஒரே கம்ப்யூட்டரில் மைஎஸ்க்யூஎல், மரியாடிபி இரண்டுமா? அக்கா, தங்கைக்குத் தனித்தனி வாசல் வேண்டும்!

எக்ஸாம்ப் கன்ட்ரோல் பேனலைத் திறக்கிறீர்கள். மைஎஸ்க்யூஎல் என்று எழுதியிருக்கும் வரிசையில் ஸ்டார்ட் பட்டனை அழுத்துகிறீர்கள். ஒரு நொடி பச்சை, அடுத்த நொடி சிவப்பு. 'மைஎஸ்க்யூஎல் எதிர்பாராமல் நின்றுவிட்டது, போர்ட் பிரச்சினையாக இருக்கலாம்' என்று கீழே ஆங்கிலத்தில் புலம்பல். நேற்று வரை ஓடியதே!

நேற்றைக்கும் இன்றைக்கும் நடுவில் என்ன செய்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். புது ஆபீஸில் மைஎஸ்க்யூஎல் 8 வேண்டும் என்றார்கள். அதிகாரபூர்வ இன்ஸ்டாலரை இறக்கி, நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ். இப்போது உங்கள் லேப்டாப்பில் இருப்பது ஒரு டேட்டாபேஸ் சர்வர் அல்ல, இரண்டு. அதுவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம். எக்ஸாம்ப் பேனலில் மைஎஸ்க்யூஎல் என்றுதான் போட்டிருக்கும், ஃபோல்டரின் பெயரும் அதுதான். ஆனால் 2015 கடைசியில் இருந்தே உள்ளே ஓடுவது மரியாடிபி. கல்லூரி புராஜெக்ட் முழுக்க மைஎஸ்க்யூஎல்லில் செய்ததாக ரெஸ்யூமேயில் எழுதியவர்களில் பாதிப் பேர் உண்மையில் பழகியது மரியாடிபியோடுதான்!

அக்கா பெயர் மை, தங்கை பெயர் மரியா

மைஎஸ்க்யூஎல் என்பதில் உள்ள 'மை' ஆங்கிலத்தில் 'என்னுடைய' என்று பொருள்படும் சொல் அல்ல. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஃபின்லாந்துக்காரர் மைக்கேல் விடேனியஸின் மூத்த மகள் பெயர். 1995-ல் தொடங்கிய அந்த ஸ்வீடன் நிறுவனத்தை 2008-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் சுமார் 100 கோடி டாலருக்கு வாங்கியது. அடுத்த ஆண்டே சன் நிறுவனத்தை வாங்கப்போவதாக ஆரக்கிள் அறிவித்தது. டேட்டாபேஸ் விற்றே பெரிய ஆளான கம்பெனியின் கைக்கு இலவச டேட்டாபேஸ் போனால் என்ன ஆகும் என்ற பயத்தில், விடேனியஸ் அதே கோடை எடுத்துத் தனியாக ஒன்றைத் தொடங்கினார். அதற்கு இளைய மகள் மரியாவின் பெயர்.

முதலில் இருவரும் அச்சு அசல் ஒன்றுபோலவே இருந்தார்கள். பதிப்பு எண்கூட 5.5 வரை சேர்ந்தே போனது. பிறகு மரியாடிபி 10.0 என்று தாவியது, மைஎஸ்க்யூஎல் 5.6, 5.7 என்று போய், 2018-ல் 8.0-க்கு வந்தது. அங்கிருந்து இருவரின் வழியும் வேறு.

ஆனால் பழக்கவழக்கம் மாறவில்லை. இரண்டுமே 3306 என்ற போர்ட்டில்தான் உட்காரும். ஒரே வகை செட்டிங்ஸ் ஃபைலைத்தான் தேடும். லினக்ஸில் டேட்டாவை வைக்கும் ஃபோல்டரின் பெயரும் ஒன்றேதான். சிக்கல் முழுக்க இங்கேதான். முன்பின் தெரியாத இருவர் ஒரே வீட்டில் குடியிருந்தால் இந்தத் தொல்லை வராது. மைஎஸ்க்யூஎல்லும் போஸ்ட்கிரெஸும் சண்டை இல்லாமல் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அக்காவும் தங்கையும் ஒரே பீரோ, ஒரே சாவி என்று பழகியவர்கள். தனிக்குடித்தனம் வைக்கும்போதுதான் பிரச்சினை தெரிகிறது.

முதலில் அந்தச் சிவப்பு எழுத்து

விண்டோஸில் மைஎஸ்க்யூஎல் 8-ஐ அதிகாரபூர்வ இன்ஸ்டாலர் வழியாகப் போட்டால், அது பெரும்பாலும் 'மைஎஸ்க்யூஎல்80' என்ற பெயரில் ஒரு சர்வீஸாகப் பதிவாகும். கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் தானே கிளம்பி 3306-ஐப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் நீங்கள் எக்ஸாம்பில் ஸ்டார்ட் கொடுத்தால் அதற்கு இடம் இல்லை. அவ்வளவுதான் விஷயம். எதுவும் கெட்டுப்போகவில்லை.

இந்த இடத்தில்தான் பலர் பதறிப்போய் யூடியூபைத் திறக்கிறார்கள். 'டேட்டா ஃபோல்டரில் ஐபிடேட்டா1 என்று ஒரு ஃபைல் இருக்கும், அதை அழித்துவிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க, சரியாயிடும்' என்று யாராவது சொல்வார். தயவுசெய்து கைவைக்காதீங்க. எந்த டேபிள் எங்கே இருக்கிறது என்ற குறிப்பை இன்னோடிபி அந்த ஃபைலில்தான் வைத்திருக்கிறது. அதை அழித்தால் சர்வர் ஸ்டார்ட் ஆகும், உண்மைதான். டேபிள் பெயர்களும் பட்டியலில் தெரியும். திறந்தால் மட்டும் 'இப்படி ஒரு டேபிளே இன்ஜினில் இல்லை' என்று வரும். போர்ட் எண்ணை மாற்றினால் தீரும் பிரச்சினைக்கு மொத்த டேட்டாவையும் பலி கொடுத்த கதை இது.

செய்ய வேண்டியது இது. எக்ஸாம்பின் மை.ஐஎன்ஐ ஃபைலில் 3306 என்று இருக்கும் இடங்களில் 3307 என்று மாற்றுங்கள். கிளையன்ட், சர்வர் என இரண்டு பகுதிகளிலும் மாற்ற வேண்டும். அதோடு பிஎச்பிமைஅட்மினின் கான்ஃபிக் ஃபைலிலும் போர்ட் 3307 என்று ஒரு வரி சேருங்கள். இந்தக் கடைசி வரியைத்தான் எல்லோரும் மறப்பார்கள். மறந்தால் பிஎச்பிமைஅட்மின் பழையபடி 3306-ன் கதவைத் தட்டும். அங்கே இருப்பது அக்கா. பாஸ்வேர்ட் இல்லாத ரூட்டை உள்ளே விடமாட்டார். 'அனுமதி இல்லை' என்று வரும். உடனே எக்ஸாம்பின் பாஸ்வேர்டை ரீசெட் செய்ய மூன்று மணி நேரம் போராடுவீர்கள். போராடுவது ஒரு சர்வரோடு, மறுப்பது இன்னொரு சர்வர்!

பீரோ தனித்தனி

வாசலைவிட முக்கியம் டேட்டா ஃபோல்டர். இரண்டு சர்வரும் ஒரே ஃபோல்டரைப் பார்க்கவே கூடாது. ஒரே நேரத்தில் இரண்டும் திறக்க முயன்றால் பெரும்பாலும் இன்னோடிபியின் ஃபைல் பூட்டு தடுத்துவிடும். ஆபத்து அதில் இல்லை. 'ஒன்றை நிறுத்திவிட்டு இன்னொன்றை அதே ஃபோல்டரில் ஓடவிட்டால் என்ன?' என்று தோன்றும் பாருங்கள், அதுதான் ஆபத்து. மைஎஸ்க்யூஎல் 8.0 தன் டேபிள் விவரங்களை வைக்கும் முறையையே மாற்றிவிட்டது. அந்த ஃபோல்டரை மரியாடிபியால் படிக்க முடியாது. மைஎஸ்க்யூஎல் 5.7 ஃபோல்டர் என்றால் நிலைமை இன்னும் மோசம். தங்கை உள்ளே நுழைந்து பொருட்களைத் தன் வசதிக்கு இடம் மாற்றி வைக்க வாய்ப்பு உண்டு. அதன் பிறகு அக்காவால் திரும்பி வர முடியாது.

உபுண்டு, டெபியன் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே இந்த இரண்டு பேக்கேஜ்களும் ஒன்றாக இருக்கவே இருக்காது. ஒன்றை இன்ஸ்டால் செய்தால் மற்றது நீக்கப்படும் பட்டியலில் வரும். அந்தப் பட்டியலைப் படிக்காமல் 'ஒய்' அழுத்துவதுதான் நம் வழக்கம். இரண்டும் வேண்டுமென்றால் ஒன்றை பேக்கேஜாகவும், இன்னொன்றை ஜிப் போலச் சுருட்டிய டார் ஃபைலாக இறக்கித் தனி ஃபோல்டரிலும் வைத்துக்கொள்ளலாம். அந்த இரண்டாவதற்குத் தனி போர்ட், தனி சாக்கெட் ஃபைல், தனி டேட்டா ஃபோல்டர், தனி செட்டிங்ஸ் ஃபைல். செட்டிங்ஸ் ஃபைல் ஏன் தனியாக? ஒருவருக்குத் தெரிந்த ஆப்ஷன் இன்னொருவருக்குத் தெரியாவிட்டால் அவர் கிளம்பவே மாட்டார், அதனால்தான்.

நான் அழித்தது எதை?

இனி வருவது என் சொந்த அனுபவம். மேலே சொன்ன அத்தனையையும் சரியாகச் செய்திருந்தேன். லினக்ஸ் லேப்டாப்பில் மைஎஸ்க்யூஎல் 8.0 வழக்கமான 3306-ல். மரியாடிபி தனி ஃபோல்டரில், 3307-ல். அலுவலகத்தின் ஒரு பழைய அப்ளிகேஷன் மரியாடிபியில் ஓடுமா என்று பார்க்கும் வேலை. டேட்டாவை மரியாடிபியில் ஏற்றுவேன், சோதிப்பேன், அழிப்பேன், மறுபடி ஏற்றுவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் டெர்மினலில் மைஎஸ்க்யூஎல் கிளையன்ட்டைத் திறந்தேன். ஹோஸ்ட் லோக்கல்ஹோஸ்ட், போர்ட் 3307. உள்ளே போனது. டேட்டாபேஸை டிராப் செய்தேன். பிறகு அப்ளிகேஷனைத் திறந்தால், 3306-ல் இருந்த அசல் டேட்டாபேஸைக் காணோம். சக ஊழியர் ஒருவர் மூன்று வாரமாகச் சரிபார்த்துத் திருத்திய டேட்டா அது. பேக்கப்? எடுக்கணும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

3307 என்று தெளிவாகக் கொடுத்தேனே, எப்படி 3306-க்குப் போனது? லினக்ஸிலும் மேக்கிலும் 'லோக்கல்ஹோஸ்ட்' என்ற சொல்லுக்கு மைஎஸ்க்யூஎல் கிளையன்ட் தனி அர்த்தம் வைத்திருக்கிறது. அந்தப் பெயரைப் பார்த்தால் அது நெட்வொர்க் வழியாகப் போகாது. சாக்கெட் என்ற ஃபைல் வழியாக, வீட்டின் பின்வாசலில் நுழைவது போல, நேராக உள்ளே போய்விடும். பின்வாசலுக்குக் கதவு எண் ஏது? நீங்கள் கொடுத்த 3307-ஐ அது கண்டுகொள்ளவே செய்யாது. தவறு என்றும் சொல்லாது. இது பக் அல்ல. மைஎஸ்க்யூஎல் கையேட்டிலேயே எழுதியிருக்கிறார்கள். பிஎச்பியின் மைஎஸ்க்யூஎல்ஐ எக்ஸ்டென்ஷனும் லினக்ஸில் இப்படித்தான் நடந்துகொள்ளும்.

லோக்கல்ஹோஸ்ட் என்பதற்குப் பதில் 127.0.0.1 என்று கொடுத்திருந்தால் முன்வாசல் வழியாக, 3307-க்கே போயிருக்கும். இரண்டும் ஒன்றுதானே என்று அத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

டேட்டா திரும்பக் கிடைத்தது, அதிர்ஷ்டம்தான். மைஎஸ்க்யூஎல் 8.0-ல் பைனரி லாக் என்ற வசதி தானாகவே ஆன் ஆகியிருக்கும். டேட்டாவில் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் டைரி போலக் குறித்து, மாற்றாவிட்டால் 30 நாள் வைத்திருக்கும். அந்த டேட்டாபேஸ் உருவாகி 30 நாள் ஆகவில்லை. ஆகவே முதல் வரியிலிருந்து நான் டிராப் அடித்ததற்கு முந்தைய வரி வரை மறுபடி ஓடவிட்டு மீட்டேன். சனிக்கிழமை விடிந்துவிட்டது. மரியாடிபியில் இந்த லாக் தானாக ஆன் ஆகாது. இதே தவறு எதிர்த்திசையில் நடந்திருந்தால் போயே போச்சு.

ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு

ஃபோல்டரைக் காப்பி செய்வது கூடாது என்றால் டேட்டாவை எப்படி நகர்த்துவது? டம்ப் எடுத்துத்தான். அதிலும் ஒரு முட்டுக்கட்டை உண்டு. மைஎஸ்க்யூஎல் 8 டம்ப்பை மரியாடிபியில், குறிப்பாக அதன் 10 வரிசைப் பதிப்புகளில் ஏற்றினால், 'யுடிஎஃப்8எம்பி4_0900_ஏஐ_சிஐ என்ற கொலேஷன் தெரியாது' என்று நிற்கும். எழுத்துகளை எப்படி ஒப்பிட்டு வரிசைப்படுத்துவது என்பதற்கான விதிதான் கொலேஷன். டம்ப் ஃபைலில் அந்தப் பெயர் வரும் இடமெல்லாம் யுடிஎஃப்8எம்பி4_யூனிகோட்_சிஐ என்று மாற்றிவிட்டால் ஏறிவிடும். உள்ளே இருக்கும் தமிழ்ப் பெயர்கள் கெட்டுப்போகாது. வரிசையும் ஒப்பீடும் மட்டும் சில இடங்களில் மாறலாம். ஜேசன் காலம் வைத்திருந்தால் கொஞ்சம் கூடுதல் கவனம் தேவை. மைஎஸ்க்யூஎல்லில் அது தனி வகை. மரியாடிபியில் ஜேசன் என்று எழுதினாலும் உள்ளே நீளமான டெக்ஸ்ட்தான்.

இவ்வளவு பாடு எதற்கு, டோக்கர் போதாதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சோதனைக்கு மட்டும் என்றால் டோக்கர்தான் என் சிபாரிசும். வெளியே 3307, உள்ளே 3306 என்று இணைத்துவிட்டால் டேட்டா, செட்டிங்ஸ், சாக்கெட் எல்லாம் தானாகவே தனித்தனி. 4 ஜிபி ராம் லேப்டாப் வைத்திருப்பவர்கள் மட்டும் யோசிக்கணும். விண்டோஸில் டோக்கர் டெஸ்க்டாப்பே கணிசமாக மெமரி தின்னும். ஆனால் டோக்கர் போட்டாலும் அந்த லோக்கல்ஹோஸ்ட் பொறி அப்படியே இருக்கும். லினக்ஸில் நேரடியாக ஒன்று, டோக்கரில் ஒன்று என்று வைத்தால், லோக்கல்ஹோஸ்ட் என்றதும் நேரடியாக இருப்பதற்குத்தான் போகும்.

மைஎஸ்க்யூஎல் 8.0-க்கு ஆரக்கிள் குறித்திருக்கும் கடைசி மாதம் 2026 ஏப்ரல். 8.4-க்குப் போவதா, மரியாடிபிக்கா என்று பார்ப்பதற்காகவே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டும் வேலை பலருக்கு வரும். அப்போது எதை அழிப்பதற்கு முன்னும் ஒரு வரி அடியுங்கள்: செலக்ட் போட்டு @@வெர்ஷன், @@போர்ட், @@டேட்டாடைர் மூன்றையும் கேளுங்கள். இதில் போர்ட்டை மட்டும் பார்ப்பது நல்லது அல்ல. டோக்கருக்குள் இருப்பதும் 3306 என்றுதான் சொல்லும். வெர்ஷனில் மரியாடிபி என்று வந்தால் தங்கை.

என் லேப்டாப்பில் இப்போது மைஎஸ்க்யூஎல் கிளையன்ட்டின் பிராம்ப்ட்டையே மாற்றி வைத்திருக்கிறேன். முன்பு எந்த சர்வருக்குள் போனாலும் 'மைஎஸ்க்யூஎல்' என்று மட்டுமே காட்டும். இப்போது செட்டிங்ஸ் ஃபைலில் சேர்த்த ஒரே ஒரு வரியால், சர்வரின் வெர்ஷனும், வந்த வழி போர்ட்டா சாக்கெட்டா என்பதும் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் தெரிகிறது. பார்க்கக் கொஞ்சம் நீளம்தான். டிராப் என்று டைப் செய்யும்போது கண் தானாக அங்கே போய் நிற்கிறது.