களிமண்ணில் தெரியும் முகம்

மும்பையில் பணம் சம்பாதித்து விடலாம். தனிமை கிடைப்பதுதான் அரிது. லோக்கல் ரெயிலில் தோளோடு தோள் உரசுகிறது. ஆபீசில் மேஜையோடு மேஜை ஒட்டிக்கிடக்கிறது. இரவு ரூமுக்குத் திரும்பினால், ஆறு பேர் பாய் விரித்திருக்கிறார்கள்.

கலகலப்பாகப் பேசுகிறவர்களுக்கு இது குறையாகத் தெரியாது. ஆனால், எதையும் மனதுக்குள்ளேயே போட்டுப் புரட்டிக்கொண்டிருக்கும் சிலர் இருக்கிறார்கள். கூட்டத்தின் நடுவிலும் அவர்கள் தனி ஆள்தான். 'உம்மணாமூஞ்சி' என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். ஊர் நினைப்பையும், வேலையிடத்துக் கசப்பையும் யாரிடமும் சொல்லாமல் விழுங்கி விழுங்கி, கடைசியில் மதுக்கடையில் போய் உட்கார்ந்தவர்களும் உண்டு.

இத்தகைய சுபாவம் உள்ளவர்களுக்குப் பொருந்தும் கைவேலை ஒன்று இருக்கிறது. அது மண்பாண்டம் வனைவது.

தாராவியில் ஒரு குயவர் தெரு

அதைப் பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். தாராவியில், தமிழர்கள் நிறைந்த 90 அடி சாலையை ஒட்டியே 'கும்பார்வாடா' இருக்கிறது. குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதியிலிருந்து பிழைப்புத் தேடி மும்பைக்கு வந்த குயவர்கள், 1930-களிலிருந்து இங்கே வாழ்கிறார்கள். நெல்லைச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்தவர்களைப் போல, அவர்களும் ஊரை விட்டு வந்தவர்களே.

முன்னால் தொழில், பின்னால் குடித்தனம் என்று வீடுகள். வீடுகளுக்கு நடுவே பொதுவான சூளைகள். கழிவுப் பஞ்சை எரித்துச் சூளை போடுகிறார்கள். தீபாவளி நெருங்கினால் அகல் விளக்குகள் மலை மலையாகக் குவியும். ஊரில் வேளார் வீட்டு முற்றத்தில், பொங்கல் பானை உருவாவதை வாய் பிளந்து பார்த்தவர்களுக்கு அந்த ஞாபகம் வராமல் போகாது.

கை பொய் சொல்லாது

வனைவதில் முதல் பாடம், மண்ணைச் சக்கரத்தின் நடுவில் நிறுத்துவது. பார்க்க எளிது, செய்வது கடினம். ஆத்திரப்பட்டு அழுத்தினால் மண் ஒரு பக்கமாக ஒதுங்கும். பயந்து பயந்து தொட்டால் ஆடிக்கொண்டே இருக்கும். முழங்கையை அசையாமல் ஊன்றி, மூச்சைச் சீராக விட்டு, ஒரே அளவாக அழுத்தினால்தான் மண் அடங்கும்.

அவசரக்காரர் வனைந்த பானையின் சுவர் மெலிந்து கிழிந்துவிடும். தயக்கக்காரர் வனைந்தது அடி கனத்து நிற்கும். 'நான் பொறுமைசாலி' என்று நண்பர்களிடம் சொல்லிக்கொள்ளலாம். மண்ணிடம் அது செல்லாது. தன் குணத்தைத் தன் கண்ணாலேயே பார்க்கும் வாய்ப்பு வேறு எத்தனை வேலையில் கிடைக்கும்?

ஆறுதலும் உண்டு. கோணிப்போன பானையைப் பிசைந்து மறுபடி வனையலாம். காய்ந்து போனதைக்கூடத் தண்ணீரில் ஊறவைத்தால் மீண்டும் களிமண்தான். சூளையில் சுமார் 600 டிகிரி செல்சியஸ் வெப்பத்தைத் தாண்டிய பிறகே, அது மண்ணுக்குத் திரும்பாத பாண்டமாகிறது. அதுவரை தவறு செய்யத் தடை இல்லை.

ஜப்பான் போன சீக்கியர்

இந்தியாவில் இதைக் கலையாகவும் வளர்த்தவர்களில் முன்னோடி, குருசரண் சிங். 1896-ல் பிறந்த இவர், மண்பாண்டக் கலை பயில 1919-ல் ஜப்பான் சென்றார். அங்கே பெர்னார்ட் லீச் என்ற ஆங்கிலேயக் கலைஞரும், யானகி சோயெத்சு என்ற ஜப்பானியச் சிந்தனையாளரும் நண்பர்களானார்கள். 1952-ல் டெல்லியில் சொந்தமாகப் பட்டறை தொடங்கினார். அப்போது வயது 56! பலர் ஓய்வூதியக் கணக்குப் பார்க்கும் வயது. 1991-ல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர், 1995-ல் காலமானார்.

அந்த யானகி ஒரு கருத்தை வலியுறுத்தினார். பெயர் தெரியாத தொழிலாளி, அன்றாடப் புழக்கத்துக்காகச் செய்யும் கிண்ணத்தில்தான் சிறந்த அழகு இருக்கிறது என்பார். அந்தத் தொழிலாளி தன்னை வெளிக்காட்ட நினைப்பதில்லை. கிண்ணம் நன்றாக வர வேண்டும் என்பதுதான் அவன் கவலை. தன்னைத் தேடிச் சக்கரத்தின் முன் உட்காருகிறவரும் இதைத்தான் கற்றுக்கொள்கிறார். மண்ணைக் கவனிக்கும்போது, மனதில் ஓடும் புலம்பலுக்கு இடமில்லை.

விளையாட்டல்ல, வயிற்றுப்பாடு

இதில் மறக்கக்கூடாத ஒன்று உண்டு. நமக்கு மன அமைதி தருவது கும்பார்வாடாக்காரருக்கு வயிற்றுப்பாடு. எவர்சில்வரும் பிளாஸ்டிக்கும் பானை வியாபாரத்தைக் குறைத்துவிட்டன. தாராவி மறுசீரமைப்பு பற்றிய கவலை வேறு. அடுக்குமாடியில் மண் காயவைக்க முற்றம் ஏது, சூளைக்கு இடம் ஏது?

ஆகவே வேடிக்கை பார்க்கிறவராகப் போகவேண்டாம். தீபாவளி அவசரம் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை போங்கள். நாலு அகல் வாங்குங்கள். கற்றுத்தர யாராவது இசைந்தால், அவர் நேரத்துக்குரிய கூலியைக் கொடுத்து உட்காருங்கள். குஜராத்தி தெரியாவிட்டாலும் பாதகமில்லை. அரைகுறை இந்தி போதும். அந்த வேலையில் பேச்சு குறைவு.

முதல் பானை நிச்சயமாகக் கோணும். வெட்கப்படாமல் அதைப் பிசைந்து, இன்னொன்று வனையுங்கள்.