பெயர்த்து நாட்டிய மனை

வீடு நிலத்தோடு பிணைந்த பொருள். அதனை வேறிடத்துக்குக் கொண்டு செல்லல் இயலாதென்பதே பொதுவான எண்ணம். ஆயினும், அழிவை எதிர்நோக்கும் பழைய மனையைப் பிரித்தெடுத்துப் பிறிதோரிடத்தில் மீண்டும் எழுப்பும் முறை மேனாடுகளில் வளர்ந்துள்ளது. 1891இல் ஆர்தூர் ஹசேலியஸ் என்பார் சுவீடன் தலைநகரில் நிறுவிய ஸ்கான்சன் என்னும் திறந்தவெளி நூதனசாலை இதற்கு வழிகாட்டியாயிற்று. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பெற்ற தட்சிணசித்ராவிலும் தென்னாட்டுப் பழைய வீடுகள் சில இவ்வாறே நாட்டப்பெற்றுள்ளன.

வேல்ஸ் நாட்டு றீட்-அ-கார் மனைவரிசை இம்முறைக்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். இரும்புக்கும் நிலக்கரிக்கும் பெயர்பெற்ற மேர்தர் டிட்வில் நகரில், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், சுரங்கத் தொழிலாளருக்கென அச்சிறு கல்வீடுகள் கட்டப்பெற்றன. அவற்றுள் ஆறு வீடுகள் கார்டிஃப் நகருக்கு அண்மையிலுள்ள சென் பேகன்ஸ் நூதனசாலையில் மீளக் கட்டப்பெற்று, 1987இல் மக்கள் பார்வைக்குத் திறக்கப்பெற்றன. கற்களை மீட்டதோடு நூதனசாலையார் அமைந்திலர். 1805, 1855, 1895, 1925, 1955, 1985 என்னும் ஆறு காலங்களுக்கேற்ப ஒவ்வொரு வீட்டின் தட்டுமுட்டுகளையும் தோட்டத்தையும் அமைத்தனர். ஒரேயளவான வீட்டில் 180 ஆண்டுக்காலம் உழைப்பாளர் வாழ்வு மாறியவாற்றை வாயில்தோறும் புகுந்து காணலாம்.

இத்தகைய பணிக்கு உயிர்நிலையாவது பதிவு. முதற்கண் மனையை அளந்து வரைபடமும் நிழற்படமும் எடுப்பர். கல்லுக்கும் மரத்துக்கும் இலக்கமிடுவர். பின்னரே கூரை தொடங்கி அடிவரை பிரிப்பர். இலக்கம் தவறின் எஞ்சுவது கற்குவியலே.

வன்னிப் பெருநிலத்துக்கு இம்முறை பொருந்துமா என்பது ஆராயத்தக்கது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பகுதிகளின் பழைய குடிமனைகள் மண்சுவரும், ஓலையாலோ வைக்கோலாலோ வேய்ந்த கூரையும் உடையன. மண்சுவருக்கு இலக்கமிட்டுப் பெயர்த்தல் ஆகாது. கூரையோ அடிக்கடி புதிதாக வேயப்படுவது. 2009இல் முடிவுற்ற போரினால் இம்மனைகள் பல இருந்த சுவடுமின்றி அழிந்தன. ஆதலின் ஈண்டு முதலிற் காக்கத்தக்கது கட்டும் முறையே. எம்மண்ணை எவ்வாறு குழைத்தனர், கப்புக்கும் வளைக்கும் முதிரை, பாலை முதலிய மரங்களுள் எதனைத் தேர்ந்தனர், திண்ணையை எவ்வாறு மெழுகினர் என்பவற்றை அறிந்த முதியோர் இன்னும் ஊர்களில் உளர். மாணவர் அவர்களை அணுகி, கேட்டவற்றை எழுதியும், எஞ்சிய மனைகளை அளந்து வரைந்தும் வைப்பாராயின், அழிந்துபோன மனையையும் மீண்டும் எழுப்புதல் கூடும். முதியோர் மறைந்தபின் அப்பணி எளிதன்று.